பதக்கம் எங்கே போனது? முன்னாள் படைவீரர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

"எனக்கு வரவேண்டிய மெடல் வரவில்லை" என்று ஒரு முன்னாள் படைவீரர் சொன்னால், முதலில் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து பார்க்க வேண்டும். பதக்கங்களுக்கென்று அதில் ஓர் இடம் இருக்கிறது. விஷயத்தின் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ஏனென்றால் "வரவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. தகுதி இருந்தும் பதிவிலேயே ஏறாமல் போனது ஒன்று. பதிவில் ஏறியும் பதக்கம் கைக்கு வந்து சேராதது இன்னொன்று. வந்து சேர்ந்து, பிறகு வீடு மாற்றும்போதோ வெள்ளத்திலோ தொலைந்துபோனது மூன்றாவது. மூன்றுக்கும் கேட்கவேண்டிய விதம் வேறு. பதிவில் இல்லாத பதக்கத்தை "அனுப்பி வையுங்கள்" என்று கேட்டால், "உங்களுக்கு அப்படி ஒரு தகுதி எங்கள் ஏட்டில் இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வரும். அதோடு மனம் உடைந்து விட்டுவிட்டவர்கள் ஏராளம். அவர்கள் கேட்டது நியாயம்தான், கேட்ட விதம் தவறாகிவிட்டது.

1971 போரில் கிழக்கு எல்லையில் இருந்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் சங்ராம் மெடல் மட்டும் இருக்கிறது, பூர்வி ஸ்டார் இல்லை. இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. 1971 போருக்கு மூன்று பதக்கங்கள் உண்டு. கிழக்குப் போர்க்களத்தில் பணிபுரிந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்குப் போர்க்களத்தில் பணிபுரிந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். சங்ராம் மெடல் இவற்றைவிடப் பரந்தது. 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான பணியைக் கணக்கில் கொண்டு கொடுக்கப்பட்டது. அதாவது, களத்துக்குப் போனவருக்கு ஸ்டாரும் வரும், சங்ராமும் வரும். 1965 போருக்கும் இதே மாதிரி சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் என்று இரண்டு இருந்தன. கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல். ஸ்டார் என்றால் களம், மெடல் என்றால் அந்தக் காலகட்டத்தின் பரந்த பணி என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் உங்கள் ஸ்டார் எங்கே நின்றுபோனது? ராணுவத்தில் ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் எதுவும், அது லீவோ, கல்யாணமோ, குழந்தை பிறப்போ, பதவி உயர்வோ, பதக்கமோ, "பார்ட் டூ ஆர்டர்" என்ற அறிவிப்பில் வந்தால்தான் நடந்ததாக அர்த்தம். யூனிட்டில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் அதைத் தயாரிப்பார், அதிகாரி கையெழுத்திடுவார், அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும், அங்கே உங்கள் பணிப் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும். விமானப்படையில் இதற்கு "பிஓஆர்" என்று பெயர், கடற்படையில் "ஜென்ஃபார்ம்". பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

இந்தச் சங்கிலி அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: போர் நடந்தபோது நீங்கள் உங்கள் சொந்த யூனிட்டில் இல்லை. லாரி ஓட்டிய ஏஎஸ்சி டிரைவர், வயர்லெஸ் செட்டோடு போன சிக்னல்ஸ் ஆள், வண்டி பழுது பார்த்த இஎம்இ மெக்கானிக், நர்சிங் அசிஸ்டென்ட், இவர்களெல்லாம் வேறொரு படைப்பிரிவோடு "அட்டாச்" ஆகிப் போனவர்கள். போர் முடிந்ததும் பதக்கப் பட்டியல் போட்ட யூனிட், தன் ஆட்களின் பெயரை எழுதியது. சொந்த யூனிட்டோ, இவர் எங்கிருந்தார் என்று தெரியாமல் பொதுவான சங்ராம் மெடலை மட்டும் போட்டுவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நடந்திருந்தால், அட்டாச் ஆன யூனிட்டின் பெயரும் தேதியும்தான் உங்கள் மனுவின் உயிர்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது? எங்கள் மாவட்ட சைனிக் போர்டு ஆபீசில் கொடுத்தால் போதாதா?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்களுக்கு வழி சொல்லும், மனுவை அனுப்பி வைக்கும், நகலில் முத்திரை போட்டுத் தரும். ஆனால் உங்கள் பதிவேடு அங்கே இல்லை. கடைசியாகப் பணிசெய்த யூனிட்டிலும் இல்லை. அது ரெக்கார்ட் ஆபீசில் இருக்கிறது.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். தங்கள் வீரர்களைத் "தம்பி" என்றே கூப்பிடும் மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. ராணுவ போலீசுக்கும் ஏஎஸ்சி தெற்குப் பிரிவுக்கும் அதே ஊர். பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இஎம்இக்கும் ஆர்டினன்ஸுக்கும் செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். அதிகாரிகளாக ஓய்வு பெற்றவர்களின் பதிவு டெல்லி ராணுவத் தலைமையகத்தின் பொறுப்பு.

ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சி என்ற பாதுகாப்புக் காவல் படையில் மீண்டும் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். அவர்களுக்குக் கண்ணூரிலும் ஒரு ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. "நான் டிஎஸ்சியில்தான் ஓய்வு பெற்றேன், அதனால் கண்ணூருக்கு எழுதினேன், அவர்கள் பழைய ரெஜிமென்டைக் கேட்கச் சொன்னார்கள்" என்ற அலைச்சல் வேண்டாம். இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றில் குறிப்பிடுங்கள்.

மனுவில் என்ன எழுதவேண்டும்? ஏதாவது படிவம் இருக்கிறதா?

வெள்ளைத்தாள் போதும். ஆனால் வயிற்றெரிச்சலைக் கொட்டும் இடம் அதுவல்ல. "நாட்டுக்காக ரத்தம் சிந்தினேன்" என்று தொடங்கி மூன்று பக்கம் போகும் மனுக்கள் உண்டு. படிக்கும் கிளார்க்கும் பட்டாளத்துக்காரர்தான், உங்கள் வலி அவருக்குப் புரியும். ஆனால் அவருக்கு வேண்டியது எண்.

எண் என்றால் சர்வீஸ் நம்பர், கடைசியில் வரும் ஆங்கில எழுத்தோடு சேர்த்து. நாயப் சுபேதார் ஆனதும் "ஜேசி" எனத் தொடங்கும் புது எண் வந்திருக்கும். அப்படியானால் பழைய எண்ணையும் எழுதவேண்டும். சிப்பாயாக இருந்தபோது கிடைத்த பதக்கம் பழைய எண்ணில் தூங்கிக்கொண்டிருக்கலாம். பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி. நம் ஊர்ப் பெயர்கள் வடநாட்டுக் கிளார்க்கின் கையில் படும் பாடு தெரியாததல்ல. முத்துசாமி முத்துஸ்வாமி ஆவார், இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஓடும், சில சமயம் அப்பா பெயரே மகன் பெயராகிவிடும். ஆதாரில் எப்படி இருந்தாலும் சரி, பட்டாளத்தில் எப்படி எழுதினார்களோ அதையே மனுவில் எழுதுங்கள். பெயர்த் திருத்தம் தனி வழி, இதோடு கலக்காதீர்கள்.

அடுத்து, எந்தப் பதக்கம், எந்த யூனிட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த இடம். கேட்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: "மேற்கண்ட பதக்கத்துக்கான தகுதியைச் சரிபார்த்து, பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பதிவேட்டிலும் டிஸ்சார்ஜ் புக்கிலும் சேர்க்கக் கோருகிறேன்." பதிவில் ஏற்கெனவே இருந்தால், "பதக்கத்தை வழங்கக் கோருகிறேன்" என்று மட்டும். டிஸ்சார்ஜ் புக், அடையாள அட்டை, பிபிஓ எனப்படும் ஓய்வூதிய உத்தரவு ஆகியவற்றின் நகலை இணையுங்கள். அசலைத் தபாலில் அனுப்பாதீர்கள், யார் கேட்டாலும். பதிவு அஞ்சலை அஞ்சல் துறை 2025ல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. அதனால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டி வந்தால் அந்தச் சிறு துண்டுச் சீட்டிலிருந்துதான் நாள் கணக்கு தொடங்கும்.

"உங்கள் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்திருக்கிறது. இனி அவ்வளவுதானா?

இந்தப் பதிலைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் அதிகம், யாரோ வேண்டுமென்றே செய்ததாக நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்க ராணுவ ஒழுங்குமுறைகளே இடம் கொடுக்கின்றன. 1960களில் ஏழெட்டு வருடம் பணிசெய்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தவர்களின் காகிதங்கள் இப்படித்தான் போயின.

ஆனால் எல்லாம் போகவில்லை. "லாங் ரோல்" என்ற பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீரருக்கும் அதில் சில வரிகள் உண்டு: எண், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம். ஆகவே "ஆவணம் இல்லை" என்ற பதில் வந்தால், "லாங் ரோலில் என் பெயருக்கு எதிரே உள்ள பதிவின் நகலைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதில் பதக்கம் எழுதியிருக்காமல் போகலாம். ஆனால் சேர்ந்த, விலகிய தேதிகள் கிடைத்தாலே சில பதக்கங்களுக்கு வழி பிறக்கும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்குப் பொன்விழாப் பதக்கம். களம் எது, யூனிட் எது என்ற கேள்வியே அங்கே இல்லை, அந்த நாளில் பணியில் இருந்தால் போதும். 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்டகாலச் சேவைப் பதக்கங்களுக்கும் அடிப்படை பணிக்காலம்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. அரசின் நகல் அழிந்த பிறகு, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்தான் முழுமையான ஒரே ஆவணம். அதைச் சிலர் பென்ஷன் இல்லை, இனி எதற்கு என்று கிழித்துப் போட்டிருக்கிறார்கள்.

போர்முனையில் இருந்ததற்கு என்ன சாட்சி காட்டுவது? அப்போது நான் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன.

கடிதங்கள் உதவும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. பட்டாளத்துக் கடிதத்தின் மேலே "கேர் ஆஃப் 56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ" என்றுதான் இருக்கும். வீரர் இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே ஏற்படுத்திய முகவரி அது. அன்று எதிரிக்கு மறைத்தது இன்று உங்களுக்கும் மறைக்கிறது! ஆகவே முகவரியை நம்பாமல், அதில் எழுதியிருக்கும் யூனிட்டின் பெயரையும், அஞ்சல் முத்திரையில் உள்ள எஃப்பிஓ (கள அஞ்சலகம்) எண்ணையும் தேதியையும் பாருங்கள். இந்த யூனிட்டில் இந்தத் தேதியில் இவர் இருந்தார் என்பதை அது காட்டும். அந்த யூனிட் அந்தத் தேதியில் எங்கிருந்தது என்பது ராணுவத்துக்கே தெரியும்.

மற்றபடி மூவ்மென்ட் ஆர்டர், லீவு சர்டிபிகேட், ராணுவ மருத்துவமனையில் சேர்ந்து வெளிவந்த சீட்டு, களப்பகுதிக்கான படி வரவு வைக்கப்பட்ட சம்பளக் கணக்கு, இவை வலுவானவை. சம்பளக் கணக்கைப் பலரும் யோசிப்பதில்லை. ஃபீல்டு ஏரியாப் படி கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த இடத்தில் இருந்தார் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? உடன் பணிபுரிந்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்கலாம், அவருக்கு அதே பதக்கம் கிடைத்திருந்தால் அவருடைய டிஸ்சார்ஜ் புக் நகலோடு. வெறும் குரூப் போட்டோவுக்குப் பின்னால் யூனிட்டும் தேதியும் எழுதியிருந்தால் அதையும் வையுங்கள், பாரம் ஒன்றுமில்லை.

பதிவில் இருக்கிறது. ஆனால் பதக்கம் தரவே இல்லை. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

தகுதி உள்ள பதக்கத்தின் மாதிரியைக் கடையில் வாங்கி அணிவது காலங்காலமாக நடப்பதுதான். பணியில் இருப்பவர்களே அணிவகுப்புக்கு முன்தினம் கன்டோன்மென்ட் கடைகளில் ரிப்பனோடு சேர்த்து வாங்குகிறார்கள். பதக்கங்களை வார்ப்பது கொல்கத்தா அலிப்பூரில் உள்ள அரசு நாணயச் சாலை. தேவைக்கும் வரவுக்கும் நெடுநாளாகவே இடைவெளி இருந்துவருகிறது. இதில் குற்றம் வீரர்மேல் இல்லை.

அசலையும் கடைச் சரக்கையும் பிரித்தறிய விளிம்பைப் பாருங்கள். அரசு வழங்கிய பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். கடையில் வாங்கியது வழவழப்பாக இருக்கும். அப்பாவின் பதக்கங்களை வைத்துக்கொண்டு அவருடைய எண் தெரியவில்லை என்று தவிக்கும் பிள்ளைகள் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் போதும்.

கடையில் வாங்கியதால் உங்கள் உரிமை போய்விடாது. ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, வழங்கப்படாத பதக்கத்தைக் கேட்கலாம். ஆனால் தகுதி இல்லாத பதக்கத்தை மார்பில் ஏற்றாதீர்கள். படைவீரர் அல்லாத ஒருவர், படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு படை உடையையோ சின்னத்தையோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168வது பிரிவின்படி குற்றம். முன்னாள் படைவீரர் தனக்கில்லாத ஒன்றை அணிந்தால் சட்டத்துக்கு முன் சங்கத்து ஆட்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்களுக்கு ரிப்பன் நிறம் மனப்பாடம்.

1988ல் அமைதிப்படையோடு இலங்கை சென்றேன். அதற்குத் தனிப் பதக்கம் உண்டா?

இலங்கைக்கென்று தனிப் பதக்கம் கிடையாது. ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், அதன் ரிப்பனில் "ஸ்ரீலங்கா" என்ற கிளாஸ்ப். கிளாஸ்ப் என்பது ரிப்பனின் குறுக்கே வரும் சிறு உலோகப் பட்டை. ஒரே பதக்கம் பல இடங்களுக்குப் பொதுவாக இருக்கும்போது, எந்த இடத்துக்காக வந்தது என்பதைப் பட்டைதான் சொல்லும். சைன்ய சேவா மெடலும் இப்படியே: ஜம்மு காஷ்மீர், இமாலயா, அந்தமான் நிக்கோபார் என்று பட்டைகள் மாறும். இரண்டு இடத்தில் தகுதி பெற்றவருக்கு இரண்டு பதக்கம் வராது, ஒரே பதக்கத்தில் இரண்டு பட்டை வரும். "என் நண்பனுக்கு வந்தது எனக்கு வரவில்லை" என்ற புகார்களில் ஒரு பகுதி உண்மையில் பட்டையைப் பற்றியது. மனுவில் பதக்கத்தின் பெயரோடு பட்டையின் பெயரையும் எழுதவேண்டும்.

1987 ஜூலையில் போய் 1990 மார்ச்சில் முடிந்த அந்தப் பணியைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுவது எளிதல்ல. அங்கே போன தமிழ் வீரர்கள் பலர் வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை, பதக்கத்தைக் கேட்கவும் இல்லை. அரசியல் கருத்து எதுவாக இருந்தாலும், பதிவு என்பது பதிவுதான். அங்கே காயம்பட்டவர்கள் அடுத்த பதிலைக் கட்டாயம் படிக்கவேண்டும்.

குண்டடி பட்டேன். காயத்துக்கு ஒரு பதக்கம் உண்டாமே?

உண்டு. பராக்ரம் பதக் என்ற பெயரில் 1973ல் ஏற்படுத்தப்பட்டது, இன்று ஊண்ட் மெடல் என்கிறார்கள். எதிரியோடான நேரடி நடவடிக்கையில் காயம்பட்டவர்களுக்கு.

இந்தக் கட்டுரையில் வரும் பதக்கங்களில் இது ஒன்றில்தான் பதக்கத்தைவிடப் பெரியது ஒன்று பின்னால் நிற்கிறது. இந்தப் பதக்கம் உங்கள் பதிவில் இல்லை என்றால், உங்கள் காயம் "பேட்டில் கேஷுவால்ட்டி" என்று பதியப்பட்டதா, "ஃபிசிக்கல் கேஷுவால்ட்டி" என்று பதியப்பட்டதா என்று உடனே பாருங்கள். முன்னது போர்க்காயம். பின்னது வண்டி கவிழ்ந்தது, வழுக்கி விழுந்தது, உடல்நலக் குறைவு போன்றவை. களத்தில் குழப்பத்துக்கு நடுவே அனுப்பிய ஒரு தகவலில் இந்த ஒரு சொல் மாறிப்போனால், ஓய்வூதியமே மாறிப்போகும். நூறு சதவீத ஊனத்துக்குச் சாதாரண ஊனக்கூறு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயமாகப் பதிந்து, தொடர்ந்து பணிசெய்து ஓய்வு பெற்றவருக்கு 60 சதவீதம். காயத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு நூறு சதவீதம்.

ஆகவே இங்கே பதக்கம் கேட்டு மனுப்போடுவது இரண்டாவது வேலை. காயம்பட்ட நாளில் வெளிவந்த பார்ட் டூ ஆர்டரின் நகல், விசாரணைக் குழு அறிக்கை, மெடிக்கல் போர்டு நடவடிக்கைக் குறிப்புகள், இவற்றை முதலில் வாங்குங்கள். பதக்கம் தானாகப் பின்னால் வரும்.

வீரச் செயல் புரிந்தேன், தளபதியே பாராட்டினார். சேனா மெடல் இப்போது கேட்கலாமா?

கசப்பான பதில்தான். சேவைப் பதக்கம் தகுதியால் வருவது, வீரப் பதக்கம் பரிந்துரையால் வருவது. அந்தப் பரிந்துரையை அன்றைய தளபதி அன்றே எழுதியிருக்கவேண்டும், அது மேலிடங்களைத் தாண்டியிருக்கவேண்டும். எழுதாத பரிந்துரைக்காக நாற்பது வருடம் கழித்து மனுப்போட்டுப் பலன் கிடைப்பது மிக அரிது. ஆனால் வழங்கப்பட்டு, பதிவேட்டில் மட்டும் விடுபட்டிருந்தால் கதை வேறு. வீரப் பதக்கங்கள் எல்லாம் இந்திய அரசிதழில் வெளியாகும், அந்த அரசிதழ்ப் பக்கமே போதுமான சான்று. "மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்" பெற்றவர்களுக்குத் தனிப் பதக்கம் இல்லை, போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் ஒரு தாமரை இலைச் சின்னம் மட்டும். கண்ணுக்குச் சிறிதாக இருப்பதால் டிஸ்சார்ஜ் புக்கில் எழுத மறந்துவிடுகிற சின்னம் அது.

பதக்கம் பதிவானால் பணம் ஏதும் வருமா?

சேவைப் பதக்கங்களுக்கு வராது. பரம் வீர் சக்ரா முதல் சேனா மெடல் வரையிலான வீர விருதுகளுக்குத்தான் மாதாந்தரப் படி. 2017ல் அதை இரட்டிப்பாக்கினார்கள். "மெடல் அரியர்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அம்மாவோ நானோ கேட்க முடியுமா?

முடியும். அம்மா இருந்தால் அம்மா பெயரில் கேட்பதே நல்லது. ராணுவத்தின் பார்வையில் அடுத்த உறவு என்பது அப்பா பணியில் இருந்தபோது எழுதிக்கொடுத்த குடும்பப் பட்டியலில் இருக்கும் பெயர்தான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் அந்த பிபிஓ ஒன்றே உறவைக் காட்டிவிடும். அம்மாவும் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற பிள்ளைகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைக்கவேண்டும். பதக்கம் ஒன்று, பிள்ளைகள் நான்கு என்றால் யார் வீட்டில் வைப்பது என்ற பஞ்சாயத்தை ரெக்கார்ட் ஆபீஸ் தீர்க்காது. மனுப்போடும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நினைவு நாள் நிகழ்ச்சிகளில் குடும்பத்தார் அவருடைய பதக்கங்களை வலது மார்பில் அணிவது வழக்கம். சம்பாதித்தவர் அணிவது இடது பக்கம்.

எழுதி ஒரு வருடமாகிறது. பதிலே இல்லை. நேரடியாக வழக்குப் போடலாமா?

அதற்கு முன் பத்து ரூபாய் செலவழியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அந்த ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. அதில் "ஏன் எனக்குப் பதக்கம் தரவில்லை?" என்று கேட்டால் வீண். அந்தச் சட்டம் காகிதத்தைக் கொடுக்கும், காரணத்தைக் கற்பித்துக் கொடுக்காது. "என் ஷீட் ரோலின் நகல், என் பெயரில் வெளியான பதக்கம் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் இன்ன தேதியிட்ட மனுவின்மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு, அதற்குப் பின் மத்தியத் தகவல் ஆணையம். பல விஷயங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன, ஏனென்றால் நகல் எடுக்கப் போனவர் கோப்பைத் திறந்தே ஆகவேண்டும். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்திலும் புகாரைப் பதியலாம், எண் கிடைக்கும்.

அதன்பிறகும் அசையாவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, சென்னையில் கிளை இருக்கிறது. சேவை தொடர்பான விஷயங்கள் எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், நீங்களே நேரில் நின்றும் வாதாடலாம். கவனிக்கவேண்டியது காலக்கெடு. ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்து இறுதி உத்தரவு போட்டால் அன்றிலிருந்து ஆறு மாதம். பதிலே சொல்லாவிட்டால், மனுக்கொடுத்து ஆறு மாதம் பொறுத்து, அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு, ஆனால் அதை உரிமையாக எதிர்பார்க்க முடியாது.

இங்கே பலர் தடுக்கி விழுவது ஒரு நினைப்பில்: "புதிதாக ஒரு மனுப்போட்டால் புதிதாகக் கெடு தொடங்கிவிடும்." தொடங்காது. செத்துப்போன கோரிக்கைக்கு மனுமேல் மனுப்போட்டு, அதற்கு ஒரு பதில் வாங்கி, அந்தப் பதிலைக் காட்டி உயிர் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. ஓய்வூதியம் மாதாமாதம் வருவது, அதில் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஓர் இழப்பு உண்டு என்று வாதாடலாம். பதக்கத்துக்கு அந்த வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது. எனவே முதல் மனுவையே எண், தேதி, சான்று எல்லாம் சேர்த்து ஒழுங்காகப் போடுங்கள்.

என் அண்ணன் சிஆர்பிஎஃப். அவருக்கும் இதே வழிதானா?

இல்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுக்கு ஆந்தரிக் சுரக்ஷா சேவா பதக்கம் போன்றவை தனியாக உண்டு. பதிவேடு அந்தந்தப் படையிடமே இருக்கும், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர்களுக்கு இல்லை. கடைசி வழி உயர் நீதிமன்றம்.

பதக்கங்கள் இருந்தன. வீட்டில் திருடு போய்விட்டது. மறுபடி தருவார்களா?

இழப்புக்கு நீங்கள் காரணமில்லை என்று காட்டினால் மாற்றுப் பதக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலும் உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். புகாரில் "சில மெடல்கள்" என்று எழுதாமல், ஒவ்வொன்றின் பெயரையும் விளிம்பில் இருந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். விற்றதையும் அடகு வைத்ததையும் இழப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. பணியில் இருப்பவர் அப்படிச் செய்தால் 1950ம் ஆண்டு ராணுவச் சட்டப்படி குற்றமும்கூட. இதுவரை எதுவும் தொலையவில்லை என்றால், ஒரு நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பதக்கத்தின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும், டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.